பெயர் கேட்டு வாங்குறோமா, ருசி பார்த்து வாங்குறோமா? பாலிக் புலாவ் கம்போங் டுரியான் பற்றி

மலையடிவாரம் | ஞாயிறு, காலை 11.20

வணக்கம். இன்னைக்குக் காலையில பினாங்கு பாலிக் புலாவ் பசாருக்குப் பக்கத்துக் காப்பிக்கடையில நாங்க நாலு பேரு. பேச்சு முட்டையில ஆரம்பிச்சுது. 2025 ஆகஸ்டு 1ஆம் தேதியோட முட்டை மானியமும் விலைக் கட்டுப்பாடும் போனது சரியா தப்பான்னு ஒருத்தர். அங்கேர்ந்து பழத்துக்குத் தாவிச்சு. அதே வருஷம் ஜூலையில வெளிநாட்டுப் பழத்துக்கு 5 விழுக்காடு விற்பனை வரி வந்தப்ப ஆப்பிள், ஆரஞ்சு, பேரீச்சைக்கு மட்டும் விலக்குக் கொடுத்தாங்களே, மத்த பழம் என்ன பாவம் பண்ணிச்சுன்னு இன்னொருத்தர். உள்ளூர்ப் பழத்துக்குத்தான் வரி இல்லையே, அதை வாங்குங்கன்னு நான் சொன்னேன். “உள்ளூர்ப் பழம்னா முசாங் கிங்தானே? கிலோ 40 வெள்ளி கொடுத்து நான் எங்க வாங்கறது”ன்னு சொல்லிட்டு அவர் எழுந்து போயிட்டார்.

அவர் பாலிக் புலாவ்லயே பிறந்து வளர்ந்தவர். முசாங் கிங்ங்கற டுரியான் ரகம் பினாங்குப் பழம்கூட இல்ல, கிளந்தான்லேர்ந்து வந்தது. இந்த மலையில விழுந்த பழத்தைத் தின்னு வளர்ந்த மனுஷனுக்கே டுரியான்னா அந்த ஒரு பேருதான் ஞாபகம் வருது. அதுதான் என்னை இதை எழுத வைக்குது.

எங்கப்பா ஒரு சீனத் தவுக்கேயோட டுரியான் தோட்டத்துல 22 வருஷம் ஜாகா பார்த்தார். சீசன்ல ராத்திரி முழுக்க கொட்டகையிலதான் இருப்பார். பள்ளி விடுமுறைன்னா நானும் கூடப் போவேன். பழம் விழுற சத்தம் கேட்டதும், விளக்கை எடுக்கிறதுக்கு முன்னாடியே எந்த மரம்னு சொல்லிடுவார். அதெல்லாம் கொட்டையிலேர்ந்து முளைச்ச கம்போங் மரம், பதிவான ரகம் மாதிரி நம்பர் கிடையாது. பேரு நாங்க வச்சதுதான். ஓடை மரம், கசப்பு மரம், சாராய மரம், கிழவி. சாராய மரத்துப் பழம் பார்க்க அசிங்கமா இருக்கும், வெளுத்த சுளை, பெரிய கொட்டை. வாயில வச்சா நாக்கு நுனி மரத்துப் போகும். அந்த ருசியை இன்னைக்கு வரைக்கும் வேற எங்கேயும் நான் பார்க்கல.

தவுக்கேயோட பேரன் இப்போ தோட்டத்தைப் பார்க்கிறார். நல்ல மனுஷன், அவர்மேல குறை சொல்ல எனக்கு மனசு வரல. போன வருஷம் ஓடை மரத்தையும் கிழவியையும் இடுப்பு உயரத்துக்கு வெட்டி, துளிர்த்த கிளையில முசாங் கிங் ஒட்டிட்டார். ஏன்னு கேட்டேன். “அங்கிள், உங்க ஆளுங்களே வந்து முதல்ல அதைத்தானே கேட்கிறாங்க”ன்னார்.

நான் சொல்ல வர்றது இதுதான். அந்த மரத்தை வெட்டின பாராங் கத்தியில நம்ம கையும் இருக்கு. கடைக்குப் போனதும் “முசாங் கிங் இருக்கா?”ன்னு கேட்கிறோமே, அந்தக் கேள்விதான் மரத்தை வெட்டுது. இந்த சீசன்ல முதல் கேள்வியை மாத்துவோம். “இன்னைக்கு எந்த மரத்துப் பழம் நல்லா இருக்கு?”ன்னு கேட்போம். சம்மதம் இல்லாதவங்களும் எழுதுங்க.

தோட்டக்காரன்65 | ஞாயிறு, மதியம் 1.05

அண்ணே, உங்க அப்பா கதை மனசைத் தொட்டுச்சு. ஆனா உங்க முடிவை என்னால ஏத்துக்க முடியல.

நான் நிபோங் திபால் பக்கம் மூணு ஏக்கர் வச்சிருக்கேன். எங்கப்பா பால்மரம் வெட்டினவர். தோட்டத்தை வித்தப்ப லயத்து வீட்டைக் காலி பண்ணச் சொன்னாங்க. 30 வருஷம் உழைச்ச மனுஷன் ஒரு மரத்துக்குக்கூட சொந்தக்காரர் இல்ல. நான் 19 வருஷம் லோரி ஓட்டிச் சேர்த்த காசுல வாங்கினது இந்த நிலம். நம்ம ஆளுங்க கையில டுரியான் தோட்டம் இருக்கிறதே அபூர்வம். இருக்கிற ஒண்ணு ரெண்டு பேர்கிட்ட வந்து, உங்க சின்ன வயசு ருசிக்காக வருமானத்தை விட்டுக்கொடுன்னு கேட்காதீங்க.

கணக்கைச் சொல்றேன். நான் வாங்கினப்ப நிலத்துல 14 கம்போங் மரம் இருந்துச்சு. 80 அடி, 90 அடி. சீசன் வந்தா எல்லாம் சேர்ந்தாப்புல மூணு வாரத்துல கொட்டும். விழுந்த பழத்தை அன்னைக்கே விக்கணும், ரெண்டு நாள் தாண்டினா வாய் பிளந்துடும். லோரிக்காரர் கிலோ 2 வெள்ளிக்கு எடுத்தார். ஒரு நாள் “வேணாம், நிறைய வந்துடுச்சு”ன்னு திருப்பி அனுப்பிட்டார். அன்னைக்கு 300 கிலோ பழத்தைக் குழி வெட்டிப் புதைச்சேன். என் சம்சாரம் அழுதாங்க.

அதே நிலத்துல முசாங் கிங் போன சீசன் கிலோ 24லேர்ந்து 30 வரைக்கும் போச்சு. கொட்டை போட்டு வளர்த்த மரம் காய்க்க 10 வருஷத்துக்கு மேல ஆகும். ஒட்டு மரம் 5, 6 வருஷத்துல காய்க்கும். வங்கிக்காரர் 10 வருஷம் காத்திருப்பாரா?

பேரைக் கேட்டு வாங்குறது தப்பே இல்ல. அந்தப் பேரு இருக்கிறதாலதான் என் பொண்ணு பல்கலைக்கழகத்துல படிக்குது.

பழக்கடைத் தம்பி | ஞாயிறு, மதியம் 2.40

நான் பாயான் பாரு பக்கம் ரோட்டோரத்துல சீசன் கடை போடுறவன். தோட்டக்காரர் அண்ணன் சொல்றது நூத்துக்கு நூறு.

கம்போங் பழத்துல மூணு திறந்தா ஒண்ணு அமிர்தம், ஒண்ணு பரவாயில்ல, ஒண்ணு சப்பு. அமிர்தத்தைத் தின்னவர் திரும்பி வந்து என்னைப் பாராட்டுறது இல்ல. சப்பைத் தின்னவர் மட்டும் வந்து காசைக் கேட்பார். வேலை முடிஞ்சு ஷிப்ட் பஸ் இறங்கி, பிள்ளைகளுக்காக 50 வெள்ளி எடுத்துக்கிட்டு வர்றவருக்கு நான் “அதிர்ஷ்டத்தைப் பாருங்க”ன்னு சொல்ல முடியுமா?

மலையடிவாரம் | ஞாயிறு, மதியம் 3.15

தம்பி, சப்பு வந்தா மாத்திக் கொடுக்கலாமே. கடையில உட்கார்ந்து தின்னா அந்தக் காலத்துல அதுதானே வழக்கம். கடைக்காரர் காம்புக்குப் பக்கத்துல முக்கோணமா ஒரு துண்டு வெட்டித் தொட்டுக் காட்டுவார். சரியில்லைன்னா தள்ளி வச்சுட்டு அடுத்தது.

பழக்கடைத் தம்பி | ஞாயிறு, மதியம் 3.22

மாத்திக் கொடுக்கிறேன் அண்ணே. தள்ளி வச்சதை யார் தலையில கட்டுறது? கிலோ 8 வெள்ளிக்கு வித்து, பத்துல ரெண்டு போனா, அன்னைக்கு எனக்குக் கூலியே இல்ல.

ஆயர் ஈத்தாம் டீச்சர் | ஞாயிறு, மாலை 5.50

மலையடிவாரம் ஐயா பக்கம்தான் நான். ஆனா அவர் ருசியையும் ஞாபகத்தையும் வச்சுப் பேசினார். அதைத் தனிப்பட்ட ஆசைன்னு ஒதுக்கிடலாம். ஒதுக்க முடியாத ஒரு விஷயம் இருக்கு.

இன்னைக்கு நாம பேர் சொல்லி வாங்குற டுரியான்ல பெரும்பாலானது ஒரு காலத்துல பேரில்லாத கம்போங் மரம்தான். யாரோ ஒருத்தர் தின்னுட்டு, “இந்த மரம் வேற மாதிரி இருக்கே”ன்னு கிளை எடுத்து ஒட்டினாங்க. முசாங் கிங் விவசாயத் துறையில டி197ன்னு பதிவானது 1993லதான். அதுக்கு முன்னாடி அதுவும் கிளந்தான்ல ஊர்க்காரங்க மட்டும் அறிஞ்ச மரம். நம்ம பினாங்குக்கே உரிய டி175 உடாங் மேரா, ஹொக்கியன்ல ஆங் ஹே. டி163 ஹோர் லோர், சுரைக்காய் மாதிரி இருக்கிறதால அந்தப் பேரு. தோட்டக்காரர் அண்ணன் பக்கத்துலேர்ந்தே வந்தது டி200, கறுப்பு முள். அது இப்போ முசாங் கிங்கையே விலையில தாண்டுது. இதெல்லாம் யாரோ வெட்டாம விட்டு வச்ச மரம்.

ஒட்டு மரம்னா ஒரே மரத்தோட நகல். ஆயிரம் முசாங் கிங் நட்டாலும் அது ஒரே மரம்தான். கொட்டையிலேர்ந்து முளைக்கிற மரம் ஒவ்வொண்ணும் புதுசு. முசாங் கிங் கொட்டையை நட்டாலும் முசாங் கிங் வராது. அம்மா ஒண்ணு, அப்பா ஒண்ணு, பிள்ளை வேற ஒண்ணு. கம்போங் மரத்தை எல்லாம் வெட்டிட்டா அடுத்த டி200 எங்கேர்ந்து வரும்?

இன்னொண்ணு. டுரியான்ல பல ரகம் தன் மகரந்தத்தையே சரியா ஏத்துக்காது, பக்கத்துல வேற ரகம் பூக்கணும். தோட்டம் முழுக்க ஒரே ரகம்னா காய்ப்பே குறையும். அந்த மகரந்தத்தைக் கொண்டு போறது வௌவால். பூ சாயங்காலம் விரியும், ராத்திரியே இதழ் எல்லாம் கொட்டிடும். தேன் குடிக்கிற குகை வௌவால் அதுக்குள்ள வந்தாகணும். டுரியான் பூக்காத மாசத்துல அது எங்க போகுது தெரியுமா? கடலோரச் சதுப்பு மரத்துப் பூவுக்கு, பெத்தாய்ப் பூவுக்கு. பாலிக் புலாவ்ல மலையில டுரியானும் கீழே கடலோரத்துல சதுப்புக் காடும் இருக்கிறது நம்ம அதிர்ஷ்டம். ஒண்ணை வெட்டினா இன்னொண்ணும் பாதிக்கும்.

கேஎல்_வாசி | ஞாயிறு, இரவு 8.30

நான் பெட்டாலிங் ஜெயாவுல இருக்கேன். இங்கே எஸ்எஸ்2 வரிசைக் கடைகள்ல வாங்குறவன். நீங்க எல்லாரும் மரத்துக்குப் பக்கத்துல இருக்கிறவங்க, உங்களால “எந்த மரம்”னு கேட்க முடியும். எனக்கு மரம் எங்க தெரியும்? பிளாஸ்டிக் கூடையில குவிச்சு வச்சிருக்கு. பேரு மட்டும்தான் எனக்குப் பிடிமானம்.

பேர்லயும் ஏமாத்துறாங்கங்கறது உண்மை. ரெண்டு வருஷம் முன்னாடி எங்கம்மா ஆசைப்பட்டாங்கன்னு கிலோ 45 வெள்ளிக்கு வாங்கினேன். வீட்டுல திறந்தா முசாங் கிங்கே இல்ல. அடியில நட்சத்திரம் மாதிரி அஞ்சு கோடு சேரணும், காம்பைச் சுத்தி முள் இல்லாத கோடு தெரியணும், சுளை மஞ்சள் பூசினாப்புல இருக்கணும். எதுவும் இல்ல. அதுக்கு அப்புறம் அடியைத் திருப்பிப் பார்க்காம வாங்குறதே இல்ல. கவனிங்க, பேரு இருந்ததாலதான் நான் ஏமாந்ததையே கண்டுபிடிச்சேன். கம்போங்னு சொல்லி எதைக் கொடுத்தாலும் நான் எதை வச்சுக் கேள்வி கேட்பேன்?

செபராங் அக்கா | ஞாயிறு, இரவு 9.45

எல்லாரும் கிலோ கணக்கும் நம்பரும் பேசுறீங்க. எங்க வீட்டுக்கு வாங்க, நான் சொல்றேன்.

நாங்க ஆறு பேரு. பட்டர்வொர்த் அடுக்குமாடி வீடு. என் வீட்டுக்காரர் துறைமுகத்துல வேலை. 50 வெள்ளிக்கு முசாங் கிங் வாங்கினா ஒன்றரை கிலோ, அதுல தோலு பாதிக்கு மேல. ஆளுக்கு ஒரு சுளை, எங்க மாமியாருக்கு ரெண்டு, எனக்கு விரல்ல ஒட்டினது. அதே 50 வெள்ளிக்கு கம்போங் பழம் ஒரு மூட்டை. தரையில பேப்பர் விரிச்சு, எல்லாரும் வட்டமா உட்கார்ந்து, இது கசக்குது, அது இனிக்குது, இதை நீ பாருன்னு கை மாத்தி மாத்தித் தின்போம். சப்பா இருந்தா வீணாப் போகாது. தேங்காய்ப்பால், கறுப்புச் சீனி, ஒரு இலை பாண்டான் போட்டுக் காய்ச்சிப் புளுட் அரிசிச் சோத்துல ஊத்தினா சட்டி காலி. மலாய்க்காரப் பக்கத்து வீட்டு அக்கா மிச்சத்தை உப்புப் போட்டுத் தெம்போயாக் ஊற வைப்பாங்க, எங்களுக்கும் ஒரு புட்டி வரும். கடைசியா தோல் குழியில உப்புத் தண்ணி ஊத்திக் குடிச்சாதான் மாமியாருக்குச் சூடு இறங்கின மாதிரி.

பழக்கடைத் தம்பிக்கு ஒரு வார்த்தை. மூணுல ஒண்ணு சப்புன்னு சொன்னீங்க. எங்க வீட்டுல அது கெட்ட செய்தியே இல்லப்பா. எந்தப் பழம் எப்படி இருக்கும்னு தெரியாம திறக்கிறதுதான் பிள்ளைங்களுக்குத் திருவிழா. என் சின்ன மகனுக்கு 11 வயசு. டுரியான் ருசி ஒண்ணே ஒண்ணுதான்னு நினைச்சு அவன் வளரக்கூடாது.

தோட்டக்காரன்65 | திங்கள், காலை 7.10

அக்கா சொல்றதைப் படிச்சுட்டு ராத்திரி நேரம் கழிச்சுத்தான் படுத்தேன். ஆனாலும் ஒண்ணு கேட்கணும். உங்களுக்கு ஒரு மூட்டை 50 வெள்ளிக்குக் கிடைக்குது. அந்த 50ல மரத்துக்காரனுக்கு எவ்வளவு வந்துச்சுன்னு நினைச்சீங்களா? 2024 ஜூன் 10லேர்ந்து டீசல் லிட்டர் 3 வெள்ளி 35 காசுக்குப் போனப்ப லோரி வாடகை ஏறிச்சு. உரம் ஏறிச்சு. ஏறாதது கம்போங் பழம் ஒண்ணுதான். மலிவா இருக்கிறதாலதான் உங்களுக்குப் பிடிக்குது, மலிவா இருக்கிறதாலதான் எனக்குக் கட்டல. இது ரெண்டும் ஒரே முடிச்சு.

டீச்சருக்கு. வௌவால் விஷயம் தெரியும். எங்க தோட்டத்துல ராத்திரி எட்டு மணிக்கு ஏணி போட்டு, தூரிகையால நாங்களே மகரந்தம் தடவுறோம். குட்டை மரமா இருக்கிறதாலதான் அது முடியுது. 90 அடி மரத்துல யார் ஏறுவா? மரபணுவைக் காப்பாத்துறது அரசாங்கத்து வேலை. விவசாய ஆராய்ச்சி நிலையம் மார்டி இருக்கு. டி10ஐயும் டி24ஐயும் சேர்த்து எம்டியூஆர் 78, 79, 88ன்னு புது ரகமே உண்டாக்கினவங்க அவங்க. அவங்க பார்த்துக்கட்டும். மூணு ஏக்கர் வச்சிருக்கிறவன் தலையில நாட்டோட பொக்கிஷத்தை ஏத்தாதீங்க.

பேரோட பலத்தையும் குறைச்சுப் பேசாதீங்க. சீனாவுக்கு 2011ல உறைய வச்ச சுளை போச்சு, 2019ல உறைய வச்ச முழுப் பழம், 2024ல பச்சைப் பழமே போக ஆரம்பிச்சுது. அந்தக் கதவைத் திறந்தது முசாங் கிங்ங்கற பேரு. சாராய மரம்னு சொன்னா எந்த நாட்டுக்காரன் வாங்குவான்?

ஆயர் ஈத்தாம் டீச்சர் | திங்கள், மதியம் 2.20

அண்ணே, உங்க மூணு ஏக்கர்ல என்ன நடணும்னு சொல்ல எனக்கு உரிமை இல்ல. உங்கப்பா கதையைப் படிச்ச யாரும் அதைச் சொல்ல மாட்டாங்க. நான் எழுதினதுல அப்படித் தொனிச்சிருந்தா மன்னிச்சுக்குங்க.

ஆனா மார்டி பார்த்துக்கட்டும்ங்கறதை ஒத்துக்க மாட்டேன். அவங்க ஒரு பண்ணையில சில நூறு மரத்தை வைக்கலாம். மலை முழுக்க ஒவ்வொரு வீட்டுக் கொல்லையிலயும் நிக்கிற மரத்துல எது நல்லதுன்னு தின்னவங்களுக்குத்தான் தெரியும். மலையடிவாரம் ஐயாவோட அப்பாவுக்குத் தெரிஞ்சிருந்தது, அது எந்த ஏட்டுலயும் இல்ல. எல்லாரும் தோட்டத்தையே மாத்தணும்னு கேட்கல. ஓரத்துல ரெண்டு மரம் நின்னாலே போதும், உங்க முசாங் கிங்குக்கே அது மகரந்தம் கொடுக்கும்.

வேரழுகல், பட்டை அழுகல் நோயை நீங்க என்னைவிட நல்லா பார்த்திருப்பீங்க. அதைக் கொண்டு வர்ற பைட்டோப்தோரா கிருமி வந்தா ஒரே ரகம் நட்ட தோட்டம் என்ன ஆகும்? இன்னொண்ணையும் யோசிங்க. உங்க முசாங் கிங் ஒவ்வொண்ணும் எந்த அடிமரத்துல ஒட்டியிருக்கு? கம்போங் கொட்டை முளைச்ச கன்றுலதானே? அந்தக் கொட்டைக்குப் பழம் வேணும், பழத்துக்கு மரம் வேணும்.

தோட்டக்காரன்65 | திங்கள், மதியம் 2.48

அடிமரம் கம்போங்தான். அதை மறுக்கல. பட்டை அழுகல்ல போன வருஷம் 6 மரம் போச்சு, ஆறும் முசாங் கிங்.

கேஎல்_வாசி | திங்கள், மாலை 6.00

ஒண்ணு கேட்கலாமா? உடாங் மேரா, ஹோர் லோர்னு டீச்சர் சொன்னாங்களே, அதுக்கும் பேர் இருக்கு. ஆக சண்டை பேருக்கும் ருசிக்கும் இல்ல. ஒரே ஒரு பேருக்கும் பல பேருக்கும்தான். சாராய மரத்துக்கும் ஐயா வீட்டுல பேர் இருந்திருக்கு. கடைக்காரர் அந்தப் பேரை எழுதி வச்சா, கேஎல்லேர்ந்து வர்ற எனக்கும் பிடிமானம் கிடைக்கும். இந்த ஜூன்ல பினாங்கு வரும்போது நான் அதை வாங்குவேன். விலை கூடவா இருந்தாலும் வாங்குவேன்.

பழக்கடைத் தம்பி | திங்கள், இரவு 10.15

கேஎல் அண்ணன் சொன்னதைப் படிச்சதும் ஒண்ணு ஞாபகம் வந்துச்சு. எனக்குப் பழம் கொடுக்கிற பெரியவர், சூங்கை பினாங் பக்கம், ஏழெட்டு மரம்தான். ஒவ்வொரு மரத்துப் பழத்தையும் தனித்தனிக் கூடையில போட்டு, மோட்டார்ல ரெண்டு பக்கமும் கட்டிக் கொண்டு வருவார். நான்தான் எல்லாத்தையும் ஒண்ணாக் கொட்டி “கம்போங், கிலோ 8”ன்னு அட்டை வைப்பேன். அவர் பிரிச்சுக் கொண்டு வந்ததை நான் கலந்திருக்கேன். இதுவரைக்கும் அதை யோசிக்கவே இல்ல.

இந்த சீசன்ல கூடையைக் கலக்க மாட்டேன். மரத்து ருசியை அட்டையில எழுதி வைக்கிறேன், கசப்பு, பால், வழவழப்புன்னு. நல்ல மரத்துக்கு கிலோ 15 போடுவேன், அதுல பெரியவருக்குக் கூடக் கொடுப்பேன். வித்தா அடுத்த வருஷமும் செய்வேன். விக்கலைன்னா எனக்கு வேற வழி இல்ல, முசாங் கிங்தான். இதையும் இப்பவே சொல்லிடறேன்.

செபராங் அக்கா | திங்கள், இரவு 10.40

15 வெள்ளின்னா எனக்கு மாசத்துக்கு ஒரு தடவைதான். கலந்து வச்ச கூடை ஒண்ணும் இருக்கட்டும் தம்பி. எங்களை மறந்துடாதீங்க.

பழக்கடைத் தம்பி | திங்கள், இரவு 10.44

இருக்கும் அக்கா. அந்தக் கூடை 8 வெள்ளியே.

மலையடிவாரம் | செவ்வாய், காலை 6.30

ராத்திரி இதெல்லாத்தையும் எங்கம்மாவுக்குப் படிச்சுக் காட்டினேன். 300 கிலோ பழம் புதைச்ச இடம் வந்தப்ப அம்மா நிறுத்தச் சொன்னாங்க. “அந்தத் தம்பி மேல கோபப்படாதே”ன்னாங்க. கோபம் இல்ல தோட்டக்காரரே. பாராங் கத்தியில நம்ம கையும் இருக்குன்னு முதல்ல எழுதினேன், அதை இப்பவும் மாத்திக்கல. ஆனா 2 வெள்ளிக்கு வாங்கினதும் அதே கைதான், அதை நான் அன்னைக்கு எழுதல.

முதல்ல சொல்லாம விட்டது ஒண்ணு இருக்கு. சாராய மரம் இன்னும் நிக்குது. தோட்ட எல்லைக்கு வெளியே, ஓடைக்கரையில சாய்ஞ்சு நிக்கிறதால பேரன் அதைத் தொடல. ஆனா அடியில மண் அரிச்சுப் போச்சு. ஒரு பெருமழை வந்தா போயிடும். கொட்டை எடுத்து நட்டா அதே மரம் வராதுன்னு டீச்சர் சொன்னதுலேர்ந்து எனக்கு நிலை கொள்ளல. பதினஞ்சு வருஷமா ஒவ்வொரு சீசனும் கொட்டை எடுத்துத் தொட்டியில போட்டுக்கிட்டிருக்கேன். அதைக் காப்பாத்துறேன்னு நினைச்சு.

ஆயர் ஈத்தாம் டீச்சர் | செவ்வாய், காலை 7.15

ஐயா, அந்தக் கன்றுகள் வீண் இல்ல. அதுதான் அடிமரம். சாராய மரத்துக் கிளை நுனியை எடுத்து அந்தக் கன்றுலயே ஒட்டலாம். ஒட்டினா அதே மரம்தான், அதே ருசிதான்.

தோட்டக்காரன்65 | செவ்வாய், மதியம் 12.30

அண்ணே, என் நிலத்துல அதை நட மாட்டேன். அதுல மாத்தமில்ல.

ஆனா ஒட்டுறது என் கைவேலை. 400 மரத்துக்கு மேல ஒட்டியிருக்கேன். இப்போ பூ பிஞ்சு இருக்கிற நேரம், கிளையை எடுக்காதீங்க. பழம் எல்லாம் இறங்கி, மரம் ஓய்ஞ்சு, புதுத் துளிர் முத்தினப்புறம் எடுங்க. வெயில் படுற மேல் கிளையில, பென்சில் தடிமனுக்கு, முழ நீளத்துக்கு. இலையைக் காம்போட கிள்ளிடுங்க. ஈரப் பேப்பர்ல சுத்தி, பிளாஸ்டிக்ல கட்டி, அன்னைக்கே எனக்குக் கொண்டாங்க. மறுநாள் ஆனா பிடிக்கிறது சந்தேகம். தொட்டியில இருக்கிற கன்றுல நல்லா நிமிர்ந்து நிக்கிற பத்தை இப்பவே பிரிச்சு வச்சு உரம் போடுங்க. பத்துல ஆறாவது பிடிக்க வைப்பேன். காசு வேணாம். பிடிச்ச கன்றுல ஒண்ணை டீச்சர் பள்ளிக்கூடத்துல நட இடம் கேட்டு வைக்கட்டும்.

மலையடிவாரம் | செவ்வாய், மதியம் 12.55

நல்ல கன்று பதினாலு இருக்கு, இப்போதான் போய் எண்ணிட்டு வந்தேன். ஆகஸ்டு கடைசியில கிளையோட வர்றேன்.

மேல் கிளைன்னா அந்த மரத்துல 70 அடி ஏறணும். எங்கப்பாவுக்கு அப்புறம் அதுல ஏறின ஆள் கிடையாது. மரம் ஏறத் தெரிஞ்ச ஆள் யாருக்காவது தெரிஞ்சா இங்கேயே எழுதுங்க. கயிறும் கூலியும் என் பொறுப்பு.